உங்கள் சிசிடிவி ஃபுட்டேஜை நீங்களே கேட்டு வாங்கலாம், ஆனால் இன்றைக்கே கேளுங்கள்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். ஏனென்றால் இதைப் பார்க்கிறவர்களில் சிலருக்கு இந்நேரம் நாள் கடந்துகொண்டிருக்கலாம். கடையில் வழுக்கி விழுந்திருப்பீர்கள். ரயில் நிலையத்தில் யாரோ வம்புக்கு வந்திருப்பார்கள். இல்லையென்றால், நீங்கள் எடுக்காத பொருளை எடுத்ததாக ஒரு செக்யூரிட்டி சொல்லியிருப்பார். மேலே ஒரு கேமரா இருக்கிறது. அதில் நீங்கள் பதிவாகியிருக்கிற காட்சியின் நகலை நீங்களே கேட்டு வாங்கலாம். அது அவர்கள் செய்கிற உதவி இல்லை, சட்டப்படி உங்களுக்குச் சேர வேண்டியது.

எந்தச் சட்டம்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடப்பில் இருக்கிற ஜிடிபிஆர் என்கிற தரவுப் பாதுகாப்புச் சட்டம், அதில் 15ஆவது பிரிவு. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியே வந்த பிறகும் யுகே ஜிடிபிஆர் என்ற பெயரில் அதையே வைத்துக்கொண்டது. உங்களை அடையாளம் காட்டுகிற உருவம் உங்கள் தனிப்பட்ட தரவு, அதன் நகலைக் கேட்கலாம். அடிப்படை அவ்வளவுதான். பிரிட்டனில் முன்பெல்லாம் இதற்கு 10 பவுண்டு வரை வாங்குவார்கள், இப்போது இலவசம். இந்தியாவிலிருந்து பார்க்கிறவர்கள் இதை அப்படியே அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம். அங்குள்ள 2023ஆம் ஆண்டுச் சட்டம் தருவது தரவின் சுருக்கத்தைக் கேட்கிற உரிமை, நகல் வாங்குகிற உரிமை இல்லை.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். கோரிக்கை வந்து சேர்ந்தால் பதில் சொல்ல அவர்களுக்கு ஒரு மாதம் அவகாசம் உண்டு. சிக்கலான கோரிக்கை என்றால் மேலும் 2 மாதம் எடுத்துக்கொள்ளலாம். பலரும் இதைப் படித்துவிட்டு, ‘ஒரு மாதம் இருக்கிறதே, நிதானமாக எழுதலாம்’ என்று இருந்துவிடுகிறார்கள். அந்த மாதம் அவர்களுக்குத்தான். உங்களுக்கு எவ்வளவு நேரம் என்பதை முடிவு செய்வது அங்கே இருக்கிற ஹார்ட் டிஸ்க்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் வீதம் பதிவு செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்குச் சுமார் 43 ஜிபி ஆகும். 16 கேமரா இருந்தால் ஏறக்குறைய 690 ஜிபி. ரெக்கார்டரில் 8 டிபி டிஸ்க் போட்டிருந்தால் 11, 12 நாளில் நிரம்பிவிடும். நிரம்பியதும் பழைய நாளின் மேலேயே புதிய நாளை எழுத ஆரம்பிக்கும். யாரும் பட்டன் அழுத்த வேண்டியதில்லை, அதுபாட்டுக்கு நடக்கும். இத்தனை நாள் வைத்திருந்தே ஆக வேண்டும் என்று ஜிடிபிஆரில் எங்கேயும் கிடையாது. சொல்லப்போனால் நிலைமை நேர் எதிர். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் வழிகாட்டுதல்படி, 72 மணி நேரத்தைத் தாண்டிப் பதிவை வைத்திருக்கிற நிறுவனம் அதற்கான காரணத்தை இன்னும் வலுவாகச் சொல்ல வேண்டும். நம் அந்தரங்கத்தைக் காப்பாற்றத்தான் ‘சீக்கிரம் அழி’ என்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அந்தக் காட்சி நமக்குத் தேவைப்படும்போது அதுவே நம் கழுத்தைப் பிடிக்கிறது.

பிரிட்டனில் 2018ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 173ஆவது பிரிவு, கோரிக்கை வந்த பிறகு தரக்கூடாது என்ற எண்ணத்தோடு தரவை அழிப்பதும் மறைப்பதும் குற்றம் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே பிரிவில், கோரிக்கை வந்திருக்காவிட்டாலும் அது அழிந்துதான் இருக்கும் என்று நிரூபித்தால் தப்பித்துக்கொள்ளலாம். தானாக ஓவர்ரைட் ஆகிற ரெக்கார்டர் வைத்திருக்கிறவருக்கு இதைவிட வசதியான பதில் எது? அதனால்தான் சொல்கிறேன், முதல் மெயிலில் ‘நகல் கொடுங்கள்’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘அழியாமல் எடுத்து வையுங்கள்’ என்றும் எழுதுங்கள். ஜிடிபிஆரின் 18ஆவது பிரிவு இதற்கு இடம் தருகிறது. அவர்களுக்கு அந்தப் பதிவு இனி தேவையில்லை என்றாலும், சட்டப்படி ஓர் உரிமையைக் கோரவோ உங்களைத் தற்காத்துக்கொள்ளவோ உங்களுக்கு அது தேவைப்பட்டால், அதை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லலாம்.

மெயிலை எப்படி எழுதுவது? திரையில் போடுகிறேன், தமிழில் வாசிக்கிறேன், நீங்கள் அந்த நாட்டு மொழியில் எழுதிக்கொள்ளுங்கள். “இன்ன தேதி, மாலை 5.40 முதல் 5.55 வரை உங்கள் கட்டடத்தின் கிழக்கு வாசலிலும் பணம் கட்டும் இடத்திலும் இருந்தேன். கறுப்பு ஜாக்கெட், சிவப்புப் பை. என் படம் இணைத்திருக்கிறேன். ஜிடிபிஆர் 15ஆவது பிரிவின்படி நான் இடம்பெறும் பதிவின் நகலை, பொதுவாகப் புழங்கும் வீடியோ வடிவில் தரவும். இந்தப் பதிவு எனக்குச் சட்டத் தேவைக்கு வேண்டியிருப்பதால், 18ஆவது பிரிவின்படி இன்றே தனியாக எடுத்துவைத்து, எடுத்ததை உறுதி செய்யவும்.” இவ்வளவு போதும். கடைசியில் இருக்கிற ‘உறுதி செய்யவும்’ என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதற்குப் பதில் சொல்ல யாராவது ஒருவர் ரெக்கார்டர் இருக்கிற அறைக்குப் போயாக வேண்டும்.

பிரிட்டனில் வாயால் கேட்டாலே கோரிக்கை செல்லும். ஆனாலும் எழுத்தில் கேளுங்கள், தேதி நிற்கும். யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லையா? கேமரா இருக்கிற இடத்தில் ஒரு அறிவிப்புப் பலகை இருக்க வேண்டும். அதில் யார் நடத்துகிறார்கள் என்று போட்டிருக்கும், அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்குள் நடந்தது என்றாலும் கேமரா அந்த வளாகத்துக்காரருடையதாக இருக்கலாம்.

எனக்கு வந்த ஒரு ஃபுட்டேஜைக் காட்டுகிறேன். கார் நிறுத்துமிடத்தின் படிக்கட்டு. பாருங்கள், எனக்கு முன்னால் போகிற இருவரின் முகத்திலும் சாம்பல் நிறக் கட்டம், நான் மட்டும் முழுசாகத் தெரிகிறேன். இவ்வளவு கூன் போட்டு நடக்கிறேன் என்று இதைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும், அதை விடுங்கள். மேல் மூலையில் மணியைப் பாருங்கள். நான் அங்கே போனது மாலை 6 மணிக்குப் பிறகு, இதில் 5 என்று காட்டுகிறது. மார்ச் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறோமே, அதை இந்த ரெக்கார்டருக்கு யாரும் சொல்லவில்லை. ‘நீங்கள் சொன்ன நேரத்தில் யாரும் இல்லை’ என்று பதில் வந்தால், ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் பார்க்கச் சொல்லித் திரும்ப எழுதுங்கள்.

அப்புறம், வழக்கமாக வருகிற மறுப்புகள். ‘போலீஸ் கேட்டால்தான் தருவோம்.’ வாசலில் நிற்கிறவர் பெரும்பாலும் இதை நம்பித்தான் சொல்கிறார், அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். தரவுப் பாதுகாப்பைக் கவனிக்கிற ஆளுக்கு எழுதுங்கள். ‘மற்றவர்கள் இருக்கிறார்கள், அதனால் தர முடியாது.’ மற்றவர்கள் உரிமையையும் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் அதற்குத்தான் அந்தச் சாம்பல் கட்டம். முகத்தை மறைக்கிற வேலையும் செலவும் அவர்களுடையது. ‘எதற்காகக் கேட்கிறீர்கள்?’ 15ஆவது பிரிவின்படி கேட்கிற நகலுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நோயாளி தன் பல் மருத்துவரிடம் பதிவேடு கேட்ட வழக்கில், 2023 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எடுத்து வைக்கச் சொல்வதற்கு மட்டும் தேவையைச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் நகல் கேட்டால்? நீங்கள்தானா என்று நியாயமான சந்தேகம் இருந்தால் அடையாளம் கேட்கலாம். ஆனால் வீடியோவில் உங்களைக் கண்டுபிடிக்கப் பாஸ்போர்ட் எண் எதற்கு? அன்றைய உடையில் எடுத்த படம் அதைவிட உதவும்.

ஒரு ஏமாற்றத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நிறையப் பேர் இந்த உரிமையைத் தேடி வருவது தங்கள் காட்சிக்காக இல்லை, எதிராளியின் காட்சிக்காக. நிறுத்தி வைத்த காரை யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டார்கள், அந்த நம்பர் பிளேட் வேண்டும். இந்தச் சட்டம் உங்கள் தரவைத்தான் தரும், இடித்தவருடையதைத் தராது. அந்த இடத்தில் வழி வேறு. போலீசில் புகார் கொடுங்கள், இன்சூரன்ஸ் நிறுவனத்தைக் கேட்கச் சொல்லுங்கள். பிரிட்டனில் சட்ட நடவடிக்கைக்குத் தேவை என்றால் பிறர் தரவையும் கொடுக்க ஒரு விலக்கு உண்டு. கொடுக்கலாம் என்றுதான் இருக்கிறது, கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. ஆனால் எடுத்து வைக்கச் சொல்லி முதல் நாளே மெயில் போடுவது இங்கேயும் பயன்படும். போலீஸ் மூன்றாவது வாரம் வந்து கேட்கும்போது கொடுக்க ஏதாவது இருக்க வேண்டுமே.

ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லையா? ஒரு நினைவூட்டல் அனுப்பிவிட்டு, அந்த நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தில் புகார் கொடுங்கள். பிரிட்டனில் அது ஐசிஓ. புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. பிரிட்டனில் நகலைக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வாங்க நீதிமன்றத்துக்கும் போகலாம், அதற்குச் செலவு உண்டு.

கடைசியாக, வீட்டு வாசல் கேமராக்கள். தன் வீட்டுக்குள் மட்டும் பார்க்கிற கேமராவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் தெருவையும் சேர்த்துப் பதிவு செய்தால் கதை மாறும். செக் நாட்டில் ஒருவர், வீட்டு ஜன்னலை யாரோ உடைக்கிறார்கள் என்று கேமரா வைத்தார். அது பொதுத் தெருவையும் எதிர்வீட்டு வாசலையும் பிடித்தது. கவண் கல் அடித்த ஆட்களும் அதில் சிக்கினார்கள். ஆனால் இது வெறும் வீட்டு உபயோகம் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. ஆக, பக்கத்து வீட்டு டோர்பெல் கேமரா நடைபாதையில் போகிற உங்களைப் பதிவு செய்தால் அவரிடமும் கேட்கலாம். பிரிவு எண்ணெல்லாம் போட்டுக் கடிதம் எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை நேரில் போய்ச் சொல்லுங்கள். போனைத் திறந்து அந்த கிளிப்பை அப்போதே அனுப்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். அவர் மறுத்தால் மெயில் இருக்கவே இருக்கிறது.