உருபைப் பார்த்துக் கோவை எழுதுவோம்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சொற்களால் அமைந்த கணக்கை இயற்கணிதக் கோவையாக, அதாவது எண்ணும் எழுத்தும் குறியும் சேர்ந்த வரியாக, எழுதச் சொன்னால், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் எண்களையும் குறியையும்தான் தேடுகிறார்கள். சொல்லின் கடைசியில் ஒட்டியிருக்கும் 'ஐ', 'இலிருந்து' போன்ற வேற்றுமை உருபைக் கவனிப்பதில்லை. எதை முதலில் எழுதுவது என்பதைத் தீர்மானிப்பது அந்த உருபுதான்.

தெரியாத எண்ணை 'க' என்று கொள்வோம். 'ஓர் எண்ணிலிருந்து 10-ஐக் கழிக்க' என்றால் க கழித்தல் 10. 'ஓர் எண்ணைப் பத்திலிருந்து கழிக்க' என்றால் 10 கழித்தல் க. இரண்டிலும் எண் முன்னே, பத்து பின்னே. ஆயினும் கோவை தலைகீழாகிறது. இரண்டாவது தொடரையே 'பத்திலிருந்து ஓர் எண்ணைக் கழிக்க' என்று இடம் மாற்றிச் சொல்லிப் பாருங்கள், கோவை மாறாது. 'இலிருந்து' எதனோடு ஒட்டியிருக்கிறதோ அதுவே முதலில் வரும்.

பண்ருட்டிச் சாலையோரத்தில் பலாப்பழம் குவிந்திருக்கும் பருவத்தில் நான் பிள்ளைகளிடம் தவறாமல் கேட்கும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு பலாப்பழத்தின் விலை ஓர் அன்னாசிப்பழத்தின் விலையைப் போல் 4 மடங்கு. பலாவின் விலையை 'ப' என்றும் அன்னாசியின் விலையை 'அ' என்றும் கொண்டு எழுதுக. கடலூர் முதுநகரில் ஒரு சிறுமி, 4ப சமம் அ என்று எழுதிவிட்டு, "பலாதானே பெரிசு, நாலு அதோடதானே சேரணும்?" என்று உறுதியாகக் கேட்டாள். அன்னாசி 50 ரூபாய் என்றால் பலா எவ்வளவு என்றேன். "இருநூறு" என்று உடனே சொன்னாள். அந்த 200-ஐ அவள் எழுதிய வரியிலேயே போடச் சொன்னேன். அன்னாசி 800 ரூபாய் என்று வந்ததும், நான் எதுவும் சொல்வதற்குள் தானே அழித்துவிட்டு, ப சமம் 4அ என்று எழுதினாள். 'ப' என்பது பழமன்று, அதன் விலை. விலை குறைந்ததை நான்கால் பெருக்கினால்தான் இரு பக்கமும் சமமாகும். எழுதிய கோவையில் ஓர் எண்ணைப் போட்டுச் சரிபார்க்கும் இந்தப் பழக்கத்தைப் பெற்றோர் வீட்டிலேயே ஏற்படுத்தலாம்.

எழுத்தைக் கண்டு மிரள வேண்டியதில்லை. 12ஆம் நூற்றாண்டிலேயே கணித அறிஞர் பாஸ்கரர் தம் 'பீஜகணிதம்' என்ற நூலில், தெரியாத முதல் அளவை 'யாவத்தாவத்' என்றும், அடுத்தடுத்தவற்றைக் கருப்பு, நீலம், மஞ்சள் என வண்ணப் பெயர்களாலும் குறித்து, முதலெழுத்தை மட்டும் எழுதிக் கணக்குச் செய்தார்.

அடைப்புக்குறியைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் ஓர் எடுத்துக்காட்டு மட்டும். 'ஓர் எண்ணின் இருமடங்குடன் 3-ஐக் கூட்டுக' என்பது 2க கூட்டல் 3. 'ஓர் எண்ணுடன் 3-ஐக் கூட்டி, வந்ததை இருமடங்காக்குக' என்றால், க கூட்டல் 3 என்பதை அடைப்புக்குள் இட்டு, முன்னே 2 எழுத வேண்டும். க-வுக்கு 5 கொடுத்தால் முதலாவது 13, இரண்டாவது 16. இத்தகைய தொடரில் 'கூட்டி', 'கழித்து' என்ற வினையெச்சம் வந்ததும் அதுவரை எழுதியதை அடைப்புக்குள் இட்டுவிட்டு, மேலே படியுங்கள். வணக்கம்.