மூன்றாம் மணிக்குப் பிறகு: ஆராதனை எப்படிச் சீஷரை உருவாக்குகிறது

[காட்சி: விடியற்காலை. செம்மண் தேரி, பனைமரங்கள், தூரத்தில் கோவில் கோபுரம். மணியோசை.]

எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோவிலில் ஞாயிற்றுக்கிழமை மூன்று தடவை மணி அடிப்பார்கள். முதல் மணிக்கு எழுந்திரிக்க வேண்டும். ரெண்டாம் மணிக்குக் குளித்துக் கிளம்பியிருக்க வேண்டும். மூன்றாம் மணி அடிக்கும்போது கோவிலுக்குள் இருக்க வேண்டும். என் ஆச்சி மூன்றாம் மணியைக் கோவிலுக்கு வெளியே நின்று கேட்டதே இல்லை.

ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஜெபப்புத்தகத்தில் சபையார் சொல்ல வேண்டியது அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோம், செய்யக்கூடாததைச் செய்தோம் என்று பாவ அறிக்கையில் ஒரு இடம் வரும். ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவள் சோற்றில் கை வைக்காமல் எழுந்து தெருவில் இறங்கிவிட்டாள். மூன்று மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்தவளிடம் ஏன் ஆச்சி என்று கேட்டேன். "வாய் சொல்லிட்டு, கால் போவலேன்னா எப்படில?" என்றாள்.

அந்தக் கால் எப்படிப் போனது என்பதைத்தான் இந்த வீடியோவில் விளக்கப் பார்க்கிறேன்.

சீஷன் என்ற சொல்லை நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் படித்துப் பழகிவிட்டோம். குருவின் கூடவே இருந்து, அவர் செய்கிறதைப் பார்த்து, தானும் செய்து கற்றுக்கொள்கிறவன் சீஷன். ஆசாரியிடம் வேலை பழகும் பையனைப் போல. உளி பிடிப்பது எப்படி என்று அவனுக்கு யாரும் பிரசங்கம் செய்வதில்லை. தினமும் பிடிக்கிறான், கை பழகுகிறது. ஆனால் இன்று நம் சபைகளில் ஆராதனை ஒரு பக்கம், சீஷத்துவப் பயிற்சி இன்னொரு பக்கம் என்று ஆகிவிட்டது. ஞாயிறு காலை கோவில்; பயிற்சி என்றால் தனியாக ஒரு முகாம், ஒரு நோட்டு, ஒரு சான்றிதழ். ஆதித்திருச்சபைக்கு இந்தப் பிரிவு தெரியாது. கூடி வந்து ஆராதித்ததே அவர்களுக்குப் பட்டறை.

[காட்சி: பழைய ரோமப் பேரரசின் வரைபடம். கருங்கடலின் தென்கரை.]

சுமார் 112ஆம் ஆண்டு. இன்றைய துருக்கியின் வடபகுதியை ஆண்ட பிளினி என்ற ரோம ஆளுநர், பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். இந்தக் கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று கேட்கும் கடிதம். அவர் விசாரித்துத் தெரிந்துகொண்டது இது: குறிப்பிட்ட ஒரு நாளில் விடியும் முன் கூடுகிறார்கள். கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணி மாறி மாறிப் பாடுகிறார்கள். பிறகு ஆணையிட்டு ஒரு உறுதி எடுக்கிறார்கள். குற்றம் செய்வதற்கான சதி இல்லை அது. திருட மாட்டோம், கொள்ளையடிக்க மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், கொடுத்த வாக்கை மீற மாட்டோம், நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டோம் என்ற உறுதி. பிறகு கலைந்துபோய், மறுபடியும் கூடிச் சாதாரணமான உணவு சாப்பிடுகிறார்கள்.

இந்த விவரத்தை உறுதிப்படுத்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். சபையில் ஊழியக்காரிகள் என்று அழைக்கப்பட்ட பெண்கள். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் நான் கொஞ்சம் நிறுத்திவிடுவேன்.

அந்த உறுதிமொழியில் கடைசியாக வருவதைக் கவனியுங்கள். நம்பி ஒப்படைத்த பொருள். பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன நகை மாதிரி. விடியற்காலைப் பாட்டு அந்த நகை வரைக்கும் வந்து சேர்கிறது.

இன்னொரு நாற்பது வருடம் கழித்து, சுமார் 155இல், ஜஸ்டின் என்பவர் ரோமில் இருந்து ஒரு ஞாயிறு ஆராதனையை அப்படியே விவரிக்கிறார். அப்போஸ்தலரின் நினைவுக்குறிப்புகளும் தீர்க்கதரிசிகளின் எழுத்துகளும் நேரம் இருக்கிற மட்டும் வாசிக்கப்படுகின்றன. தலைமை தாங்குகிறவர், கேட்டதன்படி நடக்கச் சொல்லி புத்திமதி கூறுகிறார். எல்லாரும் எழுந்து நின்று ஜெபிக்கிறார்கள். அப்பமும் திராட்சரசமும் தண்ணீரும் கொண்டுவரப்படுகின்றன. நன்றி சொல்லும் ஜெபத்துக்கு மக்கள் ஆமென் என்கிறார்கள். வரமுடியாதவர்களுக்கு டீக்கன்மார் வீட்டுக்கு எடுத்துப்போய்க் கொடுக்கிறார்கள். முடிந்தவர்கள் மனமுவந்து கொடுக்கும் காணிக்கை அனாதைகளுக்கும், விதவைகளுக்கும், நோயாளிகளுக்கும், சிறையில் இருப்பவர்களுக்கும், வந்து தங்கிய வெளியூர்க்காரர்களுக்கும் போகிறது. இந்த ஒழுங்கைக் கேட்டால் நம் ஊர்க்காரர் யாருக்கும் அந்நியமாகத் தோன்றாது. வசனம், பிரசங்கம், ஜெபம், நற்கருணை, காணிக்கை. கிட்டத்தட்ட 1,900 வருடமாக இதே வரிசைதான்.

ஞானஸ்நானத்துக்கு அவர்கள் ஆயத்தம் பண்ணின விதம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பழைய திருச்சபை ஒழுங்கு நூல் ஒன்று மூன்று வருடம் என்று சொல்கிறது. மூன்று வருடமும் வசனம் கேட்கலாம், ஜெபிக்கலாம்; திருவிருந்துக்கு முன் வெளியே போய்விட வேண்டும். முடிவில் இவர்களிடம் கேட்கப்பட்ட கேள்விகள் என்ன தெரியுமா? விதவைகளை மதித்தாயா, நோயாளிகளைப் போய்ப் பார்த்தாயா, நன்மை செய்தாயா. பதில் சொல்ல வேண்டியது அவர்களை அழைத்துவந்த ஆட்கள்! சரி, இன்றைக்கு முதல் நற்கருணைக்கு முன் பிள்ளைகளுக்கு நடத்தும் நம் திடப்படுத்தல் வகுப்பில் எதைக் கேட்கிறோம்? பத்துக் கற்பனைகளை ஒப்பிக்கச் சொல்கிறோம். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளை எந்த வீட்டுக்குப் போய்வந்தான் என்று கேட்க ஆள் இல்லை.

நான்காம் நூற்றாண்டில் எருசலேமில், ஞானஸ்நானம் பெறுகிறவர் மேற்கே திரும்பி நின்று சாத்தானை மறுத்துச் சொல்ல வேண்டும். அப்புறம் கிழக்கே திரும்பி விசுவாசத்தை அறிக்கை செய்ய வேண்டும். இருட்டை விட்டு வெளிச்சத்துக்கு. அதன் பொருளை எருசலேமின் ஆயர் சிரில் முன்கூட்டி விளக்கவில்லை. அனுபவித்து முடித்த பிறகு, அடுத்த வாரத்தில்தான் விளக்கினார். முதலில் உடம்பு திரும்பட்டும், அர்த்தம் பின்னால் வரும் என்று அவர் நம்பியிருக்க வேண்டும்.

[காட்சி: மணப்பாடு கடற்கரை. படகுகள், குன்றின் மேல் கோவில்.]

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1542இல் கத்தோலிக்க மிஷனரி பிரான்சிஸ் சவேரியார் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்தார். கடற்கரையில் ஞானஸ்நானம் பெற்றிருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. விசுவாசப்பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், கற்பனைகள் எல்லாவற்றையும் உள்ளூர்க்காரர்களின் உதவியோடு தமிழில் ஆக்கி, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரே கூடியிருக்கும்போது பிரமாணத்தை ஒவ்வொரு வரியாகச் சொல்லி, இதை விசுவசிக்கிறீர்களா என்று கேட்பார். மக்கள் மார்பில் கைகளைச் சிலுவை போல வைத்துக்கொண்டு ஆம் என்பார்கள்.

அதில் ஒரு தவறு நேர்ந்தது. "விசுவசிக்கிறேன்" என்று வர வேண்டிய இடத்தில் "எனக்கு வேணும்" என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். 1544இல் தன் உடன் ஊழியர் மன்சிலாஸுக்கு எழுதும்போது, இனி அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டாம், விசுவாசம் என்ற சொல்லையே சொல்லிக்கொடுங்கள் என்று சவேரியார் திருத்துகிறார். ஒரே ஒரு சொல்தான். ஆனால் வாரந்தோறும் ஊர் முழுக்க வாய்விட்டுச் சொல்லும் சொல். கடவுளிடம் "வேணும்" என்றே சொல்லி வளர்கிறவன் ஒரு மாதிரி ஆவான், "விசுவசிக்கிறேன்" என்று சொல்லி வளர்கிறவன் வேறு மாதிரி ஆவான். இன்று நாம் பாடும் பாட்டுகளில் எது அதிகம் வருகிறது என்று ஒரு ஞாயிறு எண்ணிப் பாருங்கள்.

திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்களுக்கென்றே அமைந்த முதல் கிராமமான முதலூர் 1799இல் உருவானது. அதற்குப் பிறகு வந்த கிராமச் சபைகளில், வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் மாலையில் மணி அடித்து, பனையேறிவிட்டும் வயலில் வேலை செய்துவிட்டும் வந்தவர்களைக் கூட்டி, வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். படிக்காத சனம் அப்படித்தான் வேதத்தைச் சுமந்தது. ஆச்சி அந்த வழியில் வந்தவள். அவள் சொன்ன பாவ அறிக்கை 1552இல் ஆங்கிலத் திருச்சபையின் ஜெபப்புத்தகத்தில் சேர்க்கப்பட்டது. எங்கோ எழுதப்பட்டது, எங்கள் தேரியில் ஒரு கிழவியின் காலை நகர்த்தியிருக்கிறது.

[காட்சி: வடக்கன்குளம். ஆலயத்தின் முகப்பு.]

ஆனால் ஆராதனை நல்லதை மட்டும்தான் பழக்கும் என்று நினைக்கக்கூடாது. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1745இல் நீலகண்ட பிள்ளை என்ற திருவிதாங்கூர் அரசு அதிகாரி உபதேசம் பெற்று, ஞானஸ்நானம் எடுத்தார். லாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள். சாதி பாராமல் எல்லாரோடும் கலந்து பழகியவர் என்று திருச்சபை அவரை நினைவுகூருகிறது. 1752இல் கொல்லப்பட்டார், 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

அதே வடக்கன்குளத்தில் அடுத்த நூற்றாண்டில் கட்டிய கோவிலுக்குப் பீடம் ஒன்று, கூடம் இரண்டு. கால்சட்டையின் இரண்டு கால்கள் மாதிரி. ஒன்றில் பிள்ளை, முதலியார் குடும்பங்கள். மற்றதில் நாடார் உள்ளிட்டவர்கள். நடுவில் சுவர். ஒரே பூசை, ஒரே அப்பம். பிரசங்கத்தில் எல்லாரும் சகோதரர் என்று எத்தனை தடவை சொல்லியிருந்தாலும், ஒவ்வொரு ஞாயிறும் அந்தச் சுவர் வேறு பாடம் நடத்தியது. பிள்ளைகள் அதைத்தான் கற்றிருப்பார்கள். 1910இல் சுவர் இடிக்கப்பட்டது. அது திரும்ப வேண்டும் என்று கேட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள், கேட்டது கிடைக்கவில்லை.

இதைக் கத்தோலிக்கரின் குறை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். சீர்திருத்தச் சபைகளிலும் சாதிவாரியாக உட்கார்ந்தார்கள், திருவிருந்துக்கு யார் முந்தி, யார் பிந்தி என்று பார்த்தார்கள். அதைக் கைவிடச் சொல்லி 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் உத்தரவே போட வேண்டியிருந்தது. கட்டிய சுவர் இல்லாத கோவில்களிலும் யார் எந்தப் பெஞ்சில் உட்காருகிறார்கள் என்று பாருங்கள். எனக்கு இது ஆறாத வேதனை.

[காட்சி: ஆராதனையில் சமாதானம் பகிரும் மக்கள். கைகள் மட்டும்.]

அதனால்தான் தென்னிந்தியத் திருச்சபையின் நற்கருணை ஆராதனையில் வரும் சமாதானம் பகிர்தல் எனக்கு அவ்வளவு முக்கியம். ஜஸ்டின் காலத்து ஆராதனையில் இது இருந்தது. பிறகு மேற்கத்தியச் சபைகளில் சபையார் கையில் இருந்து போய்விட்டது. கேரளத்துச் சீரியச் சபைகள் விடாமல் வைத்திருந்தன. 1947இல் உருவான நம் திருச்சபை 1950இல் தன் நற்கருணை ஒழுங்கை அமைத்தபோது அவர்களிடமிருந்து அதை எடுத்துச் சபையார் எல்லாருக்கும் கொடுத்தது. ஒருவர் கைக்குள் இன்னொருவர் கை. பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் தொட்டாக வேண்டும். அப்பத்தைக் கையில் வாங்கும் முன் அந்தக் கையைப் பிடித்தாக வேண்டும். பல இடங்களில் இது சும்மா ஒரு கும்பிடாகச் சுருங்கிவிட்டது. தயவுசெய்து சுருக்காதீர்கள்.

உடம்பால் கற்பிப்பதை நன்றாக அறிந்தவர் நம் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா. 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய பிஷப் ஆனவர். இன்றைய தெலங்கானாவில் இருக்கும் தோர்ணக்கல் பகுதியில், புதிதாகச் சேர்ந்த ஏழை மக்களைத் தங்கள் தலைமேல் கை வைக்கச் சொல்லி, "நான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ" என்ற கருத்தில் சொல்லவைத்தார். தண்ணீர் விழுந்த அதே தலை. அந்த மக்களே பக்கத்துக் கிராமங்களுக்குப் போனார்கள்.

இன்றைய ஆராதனைக்கு வருகிறேன். திரை, கீபோர்டு, பாடகர் குழு. இவற்றை நான் குறை சொல்லப்போவதில்லை. ஜெபப்புத்தகம் ஒட்டாத எத்தனையோ இளைஞர்கள் இந்தப் பாட்டுகளில்தான் முதன்முதலாக அழுது ஜெபித்திருக்கிறார்கள். பழைய முறையிலும் வாய் மட்டும் ஓடுவது உண்டு. வேகமாகச் சொல்லி முடித்து பிரியாணிக்குக் கிளம்புகிறவர்களை எனக்குத் தெரியும். ஆகவே பழசா புதுசா என்பது என் கேள்வி அல்ல. அந்த ஒன்றரை மணி நேரத்தில் சபையார் தாங்களாகச் செய்தது என்ன? சத்தம் அதிகமாகிப் பக்கத்தில் இருப்பவர் பாடுவது காதில் விழவில்லை என்றால், நாம் பார்க்க வந்தவர்கள் ஆகிவிடுகிறோம். பார்ப்பதும் ஒரு பழக்கம்தான். அதுவும் நம்மை ஏதோ ஒன்றாக ஆக்கும்.

நாசரேத், சாத்தான்குளம் பக்கம் அசனப் பண்டிகைக்குப் போயிருக்கிறீர்களா? ஊர் முழுக்க அரிசி கொடுக்கும், ஊரே சேர்ந்து சமைக்கும், எல்லாரும் பந்தியில் உட்காருவார்கள். கொரிந்து சபையில் பணக்காரர் முந்திச் சாப்பிட, ஏழை பசியோடு இருந்ததைப் பவுல் கண்டித்தாரே, அதற்கான பதில் இந்தப் பந்தியில் இருக்கிறது. பரிமாறும் வேலையைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். வகுப்பில் சொல்ல முடியாததை வாளியும் கரண்டியும் சொல்லிக்கொடுக்கும்.

[காட்சி: அடுப்படி. ஒரு மண் கலயம்.]

ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்து ஒரு கலயத்தில் போடுவாள். பிடியரிசிக் காணிக்கை. வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் போடுவாள்; அன்று பிடி கொஞ்சம் சிறியதாக இருக்கும், அவ்வளவுதான். ஞாயிறன்று அதைக் கோவிலுக்குக் கொண்டுபோவாள்.

அவளை அடக்கம் செய்த மறுநாள் அம்மா அடுப்படிக்குப் போனாள். கலயம் பாதி நிறைந்திருந்தது. அம்மா அரிசியை முறத்தில் கொட்டினாள், கல் பொறுக்கினாள். உலையில் போடும் முன் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டுவிட்டு, அடுப்பை ஊத ஆரம்பித்தாள்.