மூன்றே இடங்கள் உள்ள வீட்டில் நான்காவது பிள்ளை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"பன்னாட்டுப் போட்டிகளில் ஆடுவதற்காக இளம் ஃபிகர் ஸ்கேட்டிங் வீரர்கள் நாடு மாறுவது உரிமையா, துரோகமா?" என்பது இன்றைய தலைப்பு. இசைக்கேற்பப் பனித்தளத்தில் சறுக்கியும் சுழன்றும் தாவியும் ஆடும் ஆட்டம்தான் ஃபிகர் ஸ்கேட்டிங். உரிமையே என்று வழக்காட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று குற்றச்சாட்டுகளை வைத்துவிட்டுப் போனார். வளர்த்த நாட்டின் செலவில் கற்றுக்கொண்டு அடுத்த நாட்டுக்கு ஆடுவது நன்றிகேடு என்றார். பனியையே வளர்க்காத நாடுகள் பதக்கத்தை மட்டும் விலைக்கு வாங்குகின்றன என்றார். மாறிப் போகும் பிள்ளை கடைசியில் இரண்டு நாட்டுக்கும் அந்நியமாகிவிடுகிறது என்றார். இவற்றில் மூன்றாவதில் உண்மை இருக்கிறது. அதை நான் ஒளிக்கப் போவதில்லை, உரிய இடத்தில் வருகிறேன். முதல் இரண்டுக்கும் விடை, இந்த விளையாட்டின் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது.

பன்னாட்டு ஸ்கேட்டிங் ஒன்றியத்தின் விதிப்படி, உலக சாம்பியன்ஷிப்பின் ஒரு பிரிவில் ஒரு நாடு அதிகபட்சம் மூன்று பேரைத்தான் அனுப்பலாம். அந்த மூன்றும்கூட முந்தைய ஆண்டின் முடிவுகளைப் பொறுத்தே கிடைக்கும். இல்லையேல் இரண்டு, அதுவும் இல்லையேல் ஒன்று. ஒலிம்பிக்கிலும் இதே மூன்றுதான் உச்சவரம்பு. உலகின் தலைசிறந்த பத்துப் பெண்களில் ஆறு பேர் ஒரே நாட்டில் பிறந்துவிட்டால், அந்த ஆறு பேரில் மூன்று பேர் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்க வேண்டும். அவர்களைவிட இருபது இடம் பின்தங்கியவர் வேறொரு கொடியின் கீழ் பனியில் இறங்குவார். இதை யாரும் அநீதி என்று சொல்வதில்லை. உலகம் முழுவதும் ஆட வேண்டும் என்பதற்காக வைத்த விதி அது, நானும் அதை எதிர்க்கவில்லை. ஆனால் மூன்றே இலை போட்டுவிட்டு, நான்காவது பிள்ளை பக்கத்து வீட்டில் சாப்பிடப் போனால் மானம் போய்விட்டது என்று கூச்சலிடுவது எந்த ஊர் நியாயம், நடுவர் அவர்களே?

அனஸ்தாசியா குபனோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2002இல் ரஷ்யாவின் தொல்யாத்தி நகரில் பிறந்தவர். 2016 டிசம்பரில் பிரான்சின் மார்சேயில் நடந்த பன்னாட்டு இளையோர் தொடரான ஜூனியர் கிராண்ட் பிரீயின் இறுதிப் போட்டியில், பதினான்கு வயதில் வெள்ளி வென்றார். அன்று அவருக்கு மேலே நின்றவர் அலினா ஜாகிடோவா. பதினான்கு மாதம் கழித்து அதே ஜாகிடோவா பியோங்சாங்கில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அவருக்குக் கீழே நின்றவர் ஜப்பானின் கவோரி சகமோட்டோ. அவர் பின்னாளில் 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று முறை உலக சாம்பியன் ஆனார். அந்த மேடையில் இருபுறமும் நின்றவர்களின் கதை இது. நடுவில் நின்ற பெண்ணுக்கோ, ஆண்டுதோறும் புதிதாக ஒரு பதினைந்து வயதுச் சிறுமி நான்கு சுழற்சித் தாவலோடு வந்து நிற்கும் ரஷ்ய அணியில் இடமே கிடைக்கவில்லை. 2021இல் அவர் ஜார்ஜியாவுக்காக ஆடத் தொடங்கினார். 2023 ஜனவரியில், பின்லாந்தின் எஸ்போ நகரில், ஐரோப்பிய சாம்பியன் ஆனார்.

எதிரணி நண்பர் தலையசைப்பது தெரிகிறது. "அந்தப் போட்டியில் ரஷ்யர்களே இல்லையே" என்று அவர் கேட்பார். உண்மைதான். உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பின், 2022 மார்ச்சில் ரஷ்ய, பெலாரஸ் வீரர்களைப் பன்னாட்டு ஒன்றியம் விலக்கிவைத்தது. ஆனால் குபனோவா மாறியது அந்தத் தடைக்கு முன்பு; ஆகவே தடையைக் கண்டு தப்பி ஓடினார் என்று அவரைச் சொல்ல முடியாது. ரஷ்யா அவரை இழந்தது என்று சொல்வதும் பொருந்தாது. ரஷ்யா பயன்படுத்தாமல் வைத்திருந்த திறமையை ஜார்ஜியா பயன்படுத்திக்கொண்டது, அவ்வளவுதான்.

இனி, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஆடும் இணை ஆட்டத்துக்கும், பனியில் ஆடும் இணை நடனமான ஐஸ் டான்ஸுக்கும் வருகிறேன். எதிரணி இந்தப் பக்கமே திரும்பவில்லை. தனியாக ஆடுகிறவருக்குத் திறமையும் பனித்தளமும் பயிற்சியாளரும் போதும். இணையாக ஆடுகிறவருக்கு இன்னொரு மனிதர் வேண்டும். உயரம் பொருந்த வேண்டும், சறுக்கும் விதம் பொருந்த வேண்டும், தூக்கி எறியும்போது நம்பிப் பறக்கிற மனம் பொருந்த வேண்டும். நம் ஊரில் ஒரு ஜாதகம் பொருந்துவதற்கே எத்தனை தரகர் அலைகிறார்கள்! இந்தத் துறையில் பையன்கள் எப்போதும் குறைவு. தனக்குப் பொருந்தும் துணை தன் நாட்டு எல்லைக்குள்ளேயே பிறந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியமா? இது புரிந்துதான், தன் போட்டிகளில் இணையரில் ஒருவர் அந்த நாட்டுக் குடிமகனாக இருந்தால் போதும் என்று பன்னாட்டு ஒன்றியமே விதி வைத்திருக்கிறது. ஒலிம்பிக்கில் மட்டும் இருவருக்கும் குடியுரிமை வேண்டும்.

அந்த ஒரு வேறுபாட்டுக்காக மனிதர்கள் என்ன விலை கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அல்யோனா சாவ்செங்கோ 1984இல் உக்ரைனின் ஒபுகீவில் பிறந்தவர். உக்ரைனுக்காக 2000இல் உலக ஜூனியர் பட்டம் வென்றவர். துணைவரோடு ஆட்டம் முடிந்துபோன பின், 2003இல், பத்தொன்பது வயதில், ராபின் சோல்கோவியோடு ஆட ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகருக்கு வந்தார். அந்த இணை ஐந்து உலகப் பட்டங்களும் இரண்டு ஒலிம்பிக் வெண்கலங்களும் வென்றது. 2014இல் சோல்கோவி ஓய்வு பெற்றார். வேறொருவராக இருந்தால் போதும் என்றிருப்பார். சாவ்செங்கோ, புருனோ மாசோ என்ற பிரெஞ்சுக்காரரைத் துணையாகத் தேர்ந்தார்.

இங்கேதான், நடுவர் அவர்களே, "நாடு மாறுவது எளிதான வியாபாரம்" என்ற எதிரணியின் வாதம் நொறுங்குகிறது. மாசோவை விடுவிக்கப் பிரெஞ்சு ஸ்கேட்டிங் கூட்டமைப்பு ஓராண்டுக்கு மேல் இழுத்தடித்தது. 30,000 யூரோ கைமாறிய பிறகே அனுமதி கிடைத்தது என்று அப்போதைய செய்திகள் கூறின. அதன் பின்னும் ஒலிம்பிக்குக்கு ஜெர்மன் குடியுரிமை வேண்டும். குடியுரிமைக்கு மொழித் தேர்வு. அந்தத் தேர்வில் மாசோ தவறினார், மறுபடியும் எழுதினார், ஒலிம்பிக்குக்குச் சில மாதங்களே இருக்கையில், 2017 நவம்பரில் குடியுரிமை பெற்றார். 2018 பிப்ரவரியில் பியோங்சாங்கில் முதல் நாள் ஆட்டத்தில் மூன்று சுழற்சித் தாவலை அவர் இரண்டாகத் தாவிவிட, இணை நான்காம் இடத்துக்கு இறங்கியது. மறுநாள் 159.31 புள்ளிகள், அன்றைய உலகச் சாதனை, 0.43 புள்ளி வித்தியாசத்தில் தங்கம். முப்பத்து நான்கு வயதில், தன் ஐந்தாவது ஒலிம்பிக்கில், அந்தப் பெண் பனியில் விழுந்து அழுததைப் பார்த்தவர்களிடம் போய் "இது உக்ரைனின் பதக்கமா, பிரான்சின் பதக்கமா, ஜெர்மனியின் பதக்கமா" என்று கேளுங்கள். பதக்கப் பட்டியலில் ஜெர்மனி என்றுதான் இருக்கும். அதை விலை கொடுத்து வாங்கியவர்கள் அந்த இருவர்.

யூகோ கவாகுச்சி ஜப்பானில் பிறந்தவர். 1998 நாகானோ ஒலிம்பிக்கில் ரஷ்ய இணை ஆட்ட வீராங்கனை எலெனா பெரெஷ்னாயாவின் ஆட்டத்தைக் கண்டு, அவருடைய பயிற்சியாளர் தமாரா மாஸ்க்வினாவிடம் தன்னைச் சேர்த்துக்கொள்ளும்படி எழுதிக் கேட்டவர். ஜப்பானுக்கு ஆடினார், அமெரிக்காவில் துணை தேடினார், கடைசியில் அலெக்சாந்தர் ஸ்மிர்னோவோடு ரஷ்யாவுக்கு ஆடினார். ஜப்பான் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆகவே 2008இல் ரஷ்யக் குடியுரிமை பெற்றபோது பிறந்த நாட்டின் கடவுச்சீட்டைக் கைவிட வேண்டியிருந்தது. 2010 வான்கூவரில் அவருக்குக் கிடைத்தது நான்காம் இடம். இதை விலைபோவது என்றால், விலை யாருக்குப் போனது என்பதை எதிரணிதான் கணக்குக் காட்ட வேண்டும்.

நன்றிகேடு என்ற வாதத்தில் ஒரு பாதியை ஒப்புக்கொள்கிறேன். அரசு பள்ளி நடத்தி, பனித்தளம் கொடுத்து, பயிற்சியாளருக்குச் சம்பளமும் கொடுத்து வளர்க்கும் நாடுகள் உண்டு. அப்படி வளர்த்த ஒரு கூட்டமைப்பு தன் செலவைத் திரும்பக் கேட்டால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். தொகை முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும்படி விதியில் எழுதப்பட்டிருக்க வேண்டும், ஆளைப் பார்த்து விலை சொல்லக் கூடாது, அவ்வளவே. ஆனால் அமெரிக்காவில், கனடாவில் நிலைமை வேறு. அங்கே விடியற்காலையில் பிள்ளையைப் பனித்தளத்துக்கு ஓட்டிச் செல்வதும் காலணிக்கும் பயிற்சிக்கும் கட்டுவதும் பெரும்பாலும் பெற்றோர்தான். பெற்றவர் செலவு செய்த பிள்ளை நாட்டுக்குக் கடன்பட்டது என்று சொல்ல, நாடு முதலில் ஒரு ரசீதாவது காட்ட வேண்டாமா? தென்கொரியாவின் யூனா கிம், ஸ்பெயினின் ஹவியர் பெர்னாண்டஸ், ஜப்பானின் யுசுரு ஹன்யூ மூவரும் டொராண்டோவில் பிரையன் ஆர்சரிடம் பயின்றவர்கள். பயிற்றுவித்த மண்ணுக்கே பதக்கம் என்றால், அந்த மூவரின் ஒலிம்பிக் பதக்கங்களையும் கனடாவுக்கு அனுப்பிவைக்க எதிரணி சம்மதிக்கிறதா?

மூன்றாவது குற்றச்சாட்டுக்கு வருகிறேன். எதிரணித் தலைவர் ஜு யீயைச் சொன்னார். லாஸ் ஏஞ்சலஸில் பிறந்து, 2018இல் ஜூனியருக்கும் கீழ்நிலையான நோவிஸ் பிரிவில் அமெரிக்கப் பட்டம் வென்று, சீனாவுக்கு மாறியவர். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் அணிப் போட்டியில் அவர் விழுந்தபோது, "ஜு யீ விழுந்தார்" என்ற சொற்றொடர் சீனாவின் சமூக ஊடகமான வெய்போவில் சில மணி நேரத்தில் இருபது கோடி முறை பார்க்கப்பட்டது. சீன மொழி சரளமாக வராது என்றும், உள்ளூர்ப் பெண்ணின் இடத்தைப் பறித்தவர் என்றும் பத்தொன்பது வயதுப் பெண்ணை ஏசித் தீர்த்தார்கள். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான். ஆனால் அதே பெய்ஜிங்கில், அதே வாரத்தில், அதே கலிபோர்னியாவில் பிறந்து அதே போலச் சீனாவுக்கு மாறிய ஐலீன் கூ பனிச்சறுக்கில் தங்கம் வென்றார்; அவரை அதே வெய்போ தலையில் தூக்கி வைத்து ஆடியது. இருவரும் மாறியவர்களே. ஒருவர் விழுந்தார், ஒருவர் வென்றார். கூட்டத்தின் கோபம் நாடு மாறியதற்காக வந்ததா, விழுந்ததற்காக வந்ததா என்பதை நடுவர் அவர்களே முடிவு செய்யட்டும்.

குரலைச் சற்றுத் தாழ்த்தி ஒன்று சொல்ல வேண்டும். எகதெரினா அலெக்சாந்த்ரோவ்ஸ்கயா மாஸ்கோவில் பிறந்தவர். பதின்வயதில் குடும்பத்தை விட்டு சிட்னிக்கு வந்து, ஹார்லி விண்ட்சரோடு ஆஸ்திரேலியாவுக்காக ஆடி, 2017இல் அந்த நாட்டுக்கு முதல் உலக ஜூனியர் பட்டம் பெற்றுத் தந்தவர். 2020இல் வலிப்பு நோய் தெரியவந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு ஜூலையில், இருபது வயதில், மாஸ்கோவில் இறந்துபோனார். இந்த மேடையில் யார் மீதும் தீர்ப்பெழுத எனக்கு உரிமை இல்லை. காரணம் இதுதான் என்று கை நீட்டவும் மாட்டேன். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளை மொழி தெரியாத ஊருக்குத் தனியே போகக் கூடாது, கூட ஒரு பெரியவர் இருக்க வேண்டும், அழைக்கும் நாடு படிப்புக்கும் மருத்துவத்துக்கும் எழுத்தில் பொறுப்பேற்க வேண்டும் என்று எதிரணி ஒரு விதி கொண்டுவந்தால், முதல் கையெழுத்து என்னுடையது. கேட்க வேண்டிய விதி அது. எதிரணி கேட்பதோ போகிற வழியையே அடைக்கும் விதி.

வழி ஏற்கெனவே போதுமான அளவு குறுகலாக இருக்கிறது. நாடு மாறுகிறவருக்குப் பழைய கூட்டமைப்பின் அனுமதி வேண்டும், ஓராண்டுக் காத்திருப்பும் உண்டு. ஒலிம்பிக் சாசனமோ மூன்று ஆண்டு என்கிறது. பழைய நாடு மனம் வைத்தால்தான் அது குறையும். ஜூனியருக்கு அடுத்த சீனியர் பிரிவில் ஆட இப்போது பதினேழு வயது ஆக வேண்டும். 2014 சோச்சியில் பதினைந்து வயதில் அணிப் போட்டியில் தங்கம் வென்ற யூலியா லிப்னிட்ஸ்கயா பத்தொன்பது வயதில் ஓய்வை அறிவித்துவிட்டார். பதினேழில் திறந்து இருபதுகளின் தொடக்கத்தில் மூடிக்கொள்ளும் கதவில், மூன்று ஆண்டு என்பது யாருடைய ஆயுளில் எத்தனை பங்கு?

நம் நாட்டையும் தொட்டுவிடுகிறேன். 2008 முதல், இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவரே இந்தியாவுக்கு ஆடலாம் என்பது நம் அரசின் கொள்கை. அமெரிக்காவில் பிறந்த தாரா பிரசாத் இந்தியக் குடியுரிமை பெற்று நமக்காக ஆடுகிறார். 2025இல் ஹார்பின் ஆசியக் குளிர்கால விளையாட்டில் ஆடினார். 2011இல் கட்டிய டேராடூன் பனித்தளத்தைப் பல ஆண்டுகள் பூட்டி வைத்திருந்த நாடு நாம். அவர் வந்ததை நாம் துரோகம் என்றா சொன்னோம்? வருகிறவருக்கு ஆரத்தி, போகிறவருக்கு வசவு என்றால், எதிரணிக்குத் தராசு ஒன்று, படிக்கல் இரண்டு.

கடைசியாக ஒரு கேள்வி; எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்கு விடை சொல்லிவிட்டே தன் உரையைத் தொடங்கட்டும். கனடாவைச் சேர்ந்த லாரன்ஸ் ஃபுர்னியே பொத்ரி, டேனிஷ் துணைவரோடு டென்மார்க்குக்காக ஐஸ் டான்ஸ் ஆடினார். 2017 உலக சாம்பியன்ஷிப்பில் அந்த இணை டென்மார்க்குக்கு ஒலிம்பிக் இடம் ஒன்றையும் பெற்றுத் தந்தது. லாரன்ஸுக்கு டேனிஷ் குடியுரிமை கிடைக்கவில்லை. அந்த இடத்தில் டென்மார்க் ஆடவில்லை. மறு ஆண்டே இருவரும் கனடாவுக்குப் போய்விட்டார்கள், 2022இல் பெய்ஜிங்கில் கனடாவுக்கு ஆடினார்கள். எதிரணி விரும்புகிற கெடுபிடி அங்கே முழுமையாக நிறைவேறியது. அதனால் டென்மார்க்கில் எந்தப் பிள்ளைக்கு ஒரு இடம் கூடுதலாகக் கிடைத்தது?