குடித்தவன் நேராக நடக்கப் பார்ப்பான்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

கதாபாத்திரத்துக்கு உயிர் தருவது நடிகரின் உள்ளமா, உழைப்பா என்பது இன்றைய கேள்வி. உள்ளமே என்று எதிரணித் தலைவர் உருகி உருகிப் பேசினார். தன் சொந்தத் துயரத்தை நினைத்து நடிகர் மனமார அழுதால் போதும், பாத்திரம் உண்மையாகிவிடும் என்றார். நான் உழைப்பின் பக்கம் நிற்கிறேன்.

குடிகாரன் வேடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். புதிதாக நடிக்க வருபவர் தள்ளாடுவார், நாக்குழறுவார். உண்மையில் குடித்திருப்பவனைக் கவனித்துப் பாருங்கள். தள்ளாடாமல் இருக்கத்தான் அவன் படாத பாடு படுகிறான். நாற்காலியின் முதுகை இரண்டு விரலால் பற்றிக்கொண்டே எழுகிறான். படிக்கு முன் ஒரு கணம் நின்று, வேண்டியதைவிட உயரமாகக் காலைத் தூக்கி வைக்கிறான். ஒவ்வொரு சொல்லையும் அழுத்தித் திருத்தி உச்சரிக்கிறான். அந்த இரண்டு விரலை எந்தச் சோக நினைவு கொண்டுவந்து தரும்? பார்த்துப் பார்த்துப் பழகிய கண்தான் தரும். துக்கமும் அப்படியே. பிள்ளையைப் பறிகொடுத்த தாய், துக்கம் கேட்க வந்தவருக்குத் தண்ணீர் கொண்டுவருகிறாள். டம்ளரைக் கீழே வைத்த பிறகும் அவள் கை அதைவிட்டு விலகவில்லை. அவள் அழவே இல்லை, நடுவர் அவர்களே. பார்க்கிற நமக்குத் தொண்டை அடைக்கிறது.

எதிரணி ஸ்தானிஸ்லாவ்ஸ்கியைத் துணைக்கு அழைத்தது. உணர்ச்சி நினைவை, அதாவது நடிகர் தன் பழைய அனுபவத்தின் உணர்ச்சியை மீட்டெடுத்து நடிப்பதை, கற்றுக்கொடுத்த அந்த ரஷ்ய நடிப்பு ஆசான், 1938இல் மறைவதற்கு முந்தைய ஆண்டுகளில் எங்கே வந்து சேர்ந்தார் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். உடற்செயலுக்கு வந்து சேர்ந்தார். உணர்ச்சியை அதட்டி வரவழைக்க முடியாது, செயலைச் சரியாகச் செய்தால் அது தானே பின்னால் வரும் என்பதே அவருடைய கடைசிக்காலப் பயிற்சிமுறை. நம் தொல்காப்பியமும் நகை, அழுகை முதலான எட்டுக்கும் மெய்ப்பாடு என்றுதானே பெயர் வைத்தது? உள்ளே எழுந்தது மெய்யில், அதாவது உடம்பில், தெரிய வேண்டும்.

மார்லன் பிராண்டோ 1950இல் வெளிவந்த தன் முதல் படத்தில், போரில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த வீரராக நடித்தார். அதற்காக, அத்தகைய வீரர்கள் சிகிச்சை பெற்ற மருத்துவமனையிலேயே சில வாரங்கள் அவர்களோடு தங்கினார். ராபர்ட் டி நீரோ, உண்மையான குத்துச்சண்டை வீரர் ஒருவராக நடித்த 1980ஆம் ஆண்டுப் படத்துக்காக ஏறத்தாழ 27 கிலோ எடை கூட்டினார். எல்லோரும் அந்த எடையைத்தான் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது, அந்த வீரரிடமே அவர் மாதக்கணக்கில் குத்துச்சண்டை பயின்றதுதான். தோளுக்கும் காலுக்கும் அப்படி ஏறிய பாடம், கேமரா ஓடும்போது நினைவுபடுத்தாமலே வேலை செய்யும்.

அப்படியானால் உள்ளமே வேண்டாமா என்பார்கள். வேண்டும். இன்னொரு மனிதரை அவ்வளவு நேரம் பொறுமையாகக் கவனிக்க நெஞ்சில் ஈரம் இல்லாமல் முடியாது. ஆனால் படப்பிடிப்புத் தளத்தையும் எண்ணிப் பாருங்கள். காட்சிகளைக் கதையின் வரிசையில் எடுப்பதில்லை. பிரிவுக் காட்சி காலையில், முதல் சந்திப்பு மாலையில். குளோசப் எடுக்கும்போது எதிரே சக நடிகர்கூட இல்லாமல், கேமராவுக்குப் பக்கத்தில் ஒட்டிய துண்டு டேப்பைப் பார்த்துக் கலங்க வேண்டியிருக்கும். ஒளி சரியில்லை, ஒலி சரியில்லை என்று பதினோராவது டேக். சொந்தத் துயரமெல்லாம் நாலாவது டேக்கிலேயே வற்றிவிட்டது. அந்த நேரத்தில் நடிகர் எதைப் பிடித்துக்கொண்டு நடிப்பார் என்று எதிரணி நண்பர்களைக் கேட்டு அமர்கிறேன்.