வலைக்கு முன்னால் நிற்பவர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நட்சத்திரக் கோல் காப்பாளர் தடுமாறும்போது இரசிகர்கள் அவரைத் தாங்க வேண்டுமா, தட்டிக் கேட்க வேண்டுமா என்பது தலைப்பு. தாங்க வேண்டும் என்ற பக்கத்தில் நான் நிற்கிறேன். பனியே விழாத திருக்கோணமலையில் ஐஸ் ஹொக்கி எதற்கு என்று இந்த அவையில் எவரும் கேட்கமாட்டீர்கள். மொன்றியலிலோ ரொறன்ரோவிலோ ஓர் உறவு இல்லாத வீடு நம்மிடையே குறைவு. அங்கே குளிர்காலத்து மாலை 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தைப் பார்க்க, இங்கே விடியற்காலை 5.30 இற்குக் கைப்பேசியோடு எழுந்திருக்கும் பிள்ளைகளை நீங்கள் அறிவீர்கள்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் மொன்றியல் கனேடியன்ஸ் அணியின் கோல் காப்பாளர் கேரி பிரைஸைப் பற்றி ஒன்று சொன்னார், அவையும் கைதட்டியது. "ஆண்டுக்குப் பத்தரை மில்லியன் டொலர் கொடுத்து அவரை நிறுத்தியதற்குப் பதிலாக, நம் கடற்கரையில் கிடக்கும் பழைய வலையொன்றைக் கம்பங்களுக்குக் குறுக்கே கட்டியிருந்தால் அதிகம் தடுத்திருக்கும்" என்றார். நான் எழுதிவந்த உரையை மடித்து வைத்துவிட்டு இதற்கே பதில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பணம். பிரைஸ் 8 ஆண்டுகளுக்கு 84 மில்லியன் டொலர் ஒப்பந்தத்தில் 2017 ஜூலையில் கையெழுத்திட்டார் என்பது உண்மை. ஆனால் அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 2018 இலையுதிர் காலத்தில். அவர் மிக மோசமாகத் தடுமாறியது அதற்கு முந்திய 2017–18 பருவத்தில். அப்போது அவர் பழைய ஒப்பந்தத்தின் ஊதியத்தையே பெற்றுக்கொண்டிருந்தார். இன்னும் கைக்கு வராத பணத்துக்காக அந்த ஆண்டு முழுவதும் ஏச்சு வாங்கினார்.

அடுத்தது தடுப்பு. 2014–15 பருவத்தில் பிரைஸ் 44 ஆட்டங்களில் வென்றார், நான்கு விருதுகளைப் பெற்றார், அந்த நகரம் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. அப்போது அவரை நோக்கி அடித்த ஆயிரம் வட்டுகளில் 933 ஐத் தடுத்தார். எதிரணியினர் பழைய வலைக்கும் கீழாக இறக்கிய 2017–18 இல், ஆயிரத்தில் 900 ஐத் தடுத்தார். நூற்றுக்கு மூன்று, அவையோரே. பூச்சூட்டியதற்கும் ஏசியதற்கும் இடையே இருந்த தூரம் நூறு வட்டுகளில் மூன்று வட்டுகள்! 6 அடி அகலமும் 4 அடி உயரமும் உள்ள கோல் வாயிலில், உறையவைத்த இறப்பர் வட்டு மணிக்கு 150 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்திலும் பறந்து வரும் ஓர் ஆட்டத்தில், அந்த மூன்றை ஒரு மனிதன் எதனால் இழக்கிறான் என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. முன்னே ஆடுபவர் ஒரு பிழை விட்டால் பின்னே நிற்பவர் காப்பாற்றுவார். கோல் காப்பாளரின் பிழைக்குப் பின்னால் நிற்பது, கோல் விழுந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு ஒன்றுதான். அது எரிந்ததும் அரங்கம் முழுவதும் அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது.

வலையைப் பற்றிப் பேசினீர்கள் அல்லவா? வலையைப் பற்றி இந்த ஊரில் பேசும்போது கவனமாகப் பேச வேண்டும். நாள் முழுவதும் இழுத்தும் வலை வெறுமையாக வந்தால் நம் கடற்றொழிலாளர் எவராவது வலையைக் காலால் உதைத்து நான் கண்டதில்லை. மர நிழலில் அமர்ந்து, மடியில் விரித்து, கிழிந்த இடத்தைத் தேடித் தேடிப் பொத்துகிறார்கள். நேற்று அந்த வலைதான் வீட்டில் அடுப்பெரிய வைத்தது என்பதை அவர்கள் மறப்பதில்லை. பழைய வலை என்று நீங்கள் இகழ்ந்த சொல்லை நான் என் பக்கத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்.

இனி, நடுவர் அவர்களே, உதைத்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். 1995 டிசம்பர் 2, மொன்றியல் ஃபோரம் அரங்கு. வலைக்கு முன்னால் நிற்பவர் பத்ரிக் ருவா. 1986 இலும் 1993 இலும் அந்த நகரத்துக்கு, வட அமெரிக்க ஐஸ் ஹொக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கிண்ணத்தை வென்று கொடுத்தவர். அன்றிரவு டெட்ரோயிட் அணி அடிக்கிறது. இரண்டு, மூன்று, நான்கு என்று விழுகின்றன. பயிற்றுநர் அவரை மாற்றவில்லை. ஐந்து, ஆறு, ஏழு. அப்போதும் மாற்றவில்லை. இடையில் எளிதான அடியொன்று வந்தது, ருவா அதைத் தடுத்தார், அரங்கம் எழுந்து கைதட்டியது. அந்தக் கைதட்டலைச் சற்று நினைத்துப் பாருங்கள். "இதையாவது தடுத்தாயே" என்ற ஏளனக் கைதட்டல் அது. ருவா இரண்டு கைகளையும் வானத்தை நோக்கி உயர்த்தினார்.

அந்தக் கைகளை நான் மறுபடியும் சொல்ல வேண்டும். இரண்டரை ஆண்டுகளுக்கு முன், 1993 ஜூனில், கிண்ணத்தைத் தூக்கியவை அதே கைகள். அதைக் கண்டு ஆனந்தக் கண்ணீர் விட்ட நகரம், அதே மனிதரை இப்போது கைதட்டி அவமதித்தது. ஒன்பதாவது கோலும் விழுந்த பின்னரே அவரை வெளியே எடுத்தார்கள். அவர் பயிற்றுநரைக் கடந்து நேராகச் சென்று, வீரர்களின் இருக்கைக்குப் பின்னால் அமர்ந்திருந்த அணித் தலைமை நிர்வாகியிடம் குனிந்து, மொன்றியலுக்காகத் தான் ஆடும் கடைசி ஆட்டம் இதுவே என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். நான்கு நாட்களில் அவரைக் கொலராடோ அணிக்கு மாற்றினார்கள். அடுத்த ஜூனில் கொலராடோ கிண்ணத்தை வென்றது. மொன்றியலோ 2021 வரை ஓர் இறுதிப் போட்டியையேனும் எட்டவில்லை.

பயிற்றுநரின் பிடிவாதமே காரணம் என்று எதிரணி சொல்லும். அதில் உண்மை உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் ருவாவின் கைகள் உயர்ந்தது பயிற்றுநரைப் பார்த்தல்ல, கைதட்டியவர்களைப் பார்த்து. 2008 நவம்பர் 22 அன்று அவருடைய 33 ஆம் இலக்கச் சட்டையை மொன்றியல், அவரைக் கௌரவித்துத் தன் அரங்கின் கூரையில் ஏற்றியபோது, அரங்கம் மாறியிருந்தது, ஆனால் நகரம் அதுவே. எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினார்கள். பதின்மூன்று ஆண்டுகள் பிந்திய கைதட்டல் அது.

அதே நகரத்தில்தான் பிரைஸும் நின்றார். 2010 இல் அவருடைய சக காப்பாளரை அணி விட்டுக்கொடுத்துவிட்டது என்ற கோபத்தில், பருவம் தொடங்கும் முன்னரே, பயிற்சி ஆட்டத்திலேயே அவரை ஏசினார்கள். அவர் வந்த வழியை அறிந்திருந்தால் ஏசியிருப்பார்களோ தெரியாது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் அனாஹிம் லேக் என்ற சிற்றூரின் பழங்குடிப் பிள்ளை அவர். ஊரில் அவருக்கு ஏற்ற அணி இல்லை; தகப்பன் சிறிய விமானமொன்றில் அவரை ஏற்றிக்கொண்டு 200 கிலோமீற்றருக்கு மேல் பறந்து விளையாட வைத்தார். பிள்ளையைப் படிக்கவைக்க உள்ளதையெல்லாம் விற்ற தகப்பன்மார் இந்த அவையில் இருக்கிறீர்கள். அந்த விமானத்தின் இரைச்சல் உங்களுக்குக் கேட்கும்.

2021 இல் மொன்றியலை இறுதிப் போட்டிவரை சுமந்து சென்றவர் அவர். தோற்றார்கள். முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. ஒக்டோபரில், தனக்கு உதவி தேவை என்று சொல்லி, வீரர்களுக்கான உதவித் திட்டத்தில் தானே சேர்ந்தார். முகமூடிக்குள் என்ன இருந்தது என்பதை அப்போதுதான் பலர் அறிந்தார்கள்.

என் அத்தையின் மகன் மொன்றியலில் இருக்கிறார்; பிரைஸின் 31 ஆம் இலக்கச் சட்டையை வைத்திருக்கிறார். 2018 இல் கோபத்தில் அதை மடித்து, பயணப்பெட்டியின் அடியில் போட்டுவிட்டார். எறியவில்லை. ஏன் எறியவில்லை என்று கேட்டேன், "எறிய மனம் வரவில்லை, போடவும் மனம் வரவில்லை, மச்சான்" என்றார். எந்த இரசிகருக்கும் இருக்கும் அந்த இரண்டு மனத்தை எதிரணியினர் ஒரு மனமாக வெட்டப் பார்க்கிறார்கள்.

2022 ஏப்ரல் 29 அன்று, நோயோடும் வலியோடும் போராடி மீண்ட பிரைஸ், புளோரிடாவுக்கு எதிராக வலையின் முன் நின்றார். பத்துக்கு இரண்டு என்ற கணக்கில் மொன்றியல் வென்றது. அதன் பிறகு அவர் விளையாடவேயில்லை. இங்கே அது மின்வெட்டுக் காலம். விடியலுக்கு முன்னரே எழுந்து, கைவிளக்கு வெளிச்சத்தில் தேநீர் வைத்துக்கொண்டிருந்த அத்தை, ஐஸ் ஹொக்கியின் ஒரு விதியும் அறியாதவர், மகனின் அழைப்பு வந்ததும் கைப்பேசியை வாங்கினார். திரையில் மகன் அந்தப் பழைய சட்டையோடு நின்றார், மடிப்பின் கோடுகள்கூடப் போகவில்லை.

"அந்தப் பிள்ளை இன்றைக்குத் தடுத்தானா?" என்று அத்தை கேட்டார்.

"தடுத்தான், அம்மா" என்றார் மகன். நடுவர் அவர்களே, நன்றி.