டியூக் எப்போது வருவான்?

நேயர்களுக்கு வணக்கம். வீடியோ கேம் பக்கமே போகாதவர்களும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். கையில் பணம் இருந்தது, திறமையான ஆட்கள் இருந்தார்கள், வாங்கத் துடித்த லட்சக்கணக்கான ரசிகர்களும் இருந்தார்கள். அப்படியும் ஒரு வேலை 14 ஆண்டுகள் முடியாமல் கிடந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸை ஒட்டி கார்லண்ட் என்று ஒரு ஊர். அங்கே இருந்த 3டி ரெல்ம்ஸ் என்ற சிறிய நிறுவனம் 1996-ல் 'டியூக் நியூகெம் 3டி' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதன் நாயகன் டியூக்: கறுப்புக் கண்ணாடி, வாயில் சுருட்டு, சுடுவதற்கு முன்னும் பின்னும் ஒரு பஞ்ச் டயலாக். நம் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு டியூக்கை அறிமுகப்படுத்தவே தேவையில்லை. விளையாட்டு பெரிய வெற்றி பெற்றது. 1997 ஏப்ரலில் அடுத்த பாகத்தை அறிவித்தார்கள். பெயர் 'டியூக் நியூகெம் ஃபாரெவர்'. 1998 நடுவில் வந்துவிடும் என்றார்கள்.

இங்கே என்ஜின் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு விளையாட்டில் சுவர் எப்படித் தெரிய வேண்டும், வெளிச்சம் எங்கே விழ வேண்டும், நாயகன் படியில் ஏறினால் எப்படி ஏற வேண்டும் என்பதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் அடிப்படை மென்பொருள்தான் என்ஜின். ஒவ்வொருவரும் அதைப் புதிதாக எழுதுவதில்லை, பணம் கொடுத்து வாங்குவார்கள். 3டி ரெல்ம்ஸ் வாங்கியது குவேக் என்ஜினை. அதை உருவாக்கிய இட் சாஃப்ட்வேரும் டல்லாஸ் பக்கத்திலேயேதான் இருந்தது.

1998 மே மாதம் அட்லாண்டாவில் நடந்த இ3 என்ற வீடியோ கேம் கண்காட்சியில் ஒரு டிரெய்லர் காட்டினார்கள். கூட்டம் வாயைப் பிளந்தது. ஆனால் அந்தக் காலத்தில் புதுப்புது என்ஜின்கள் மாதத்துக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அதே சமயத்தில் வெளிவந்த அன்ரியல் என்ஜின் குவேக்கைவிட அழகாக இருந்தது. டியூக் அணியின் தலைவர் ஜார்ஜ் புரூசார்ட் அடுத்த மாதமே அதற்கு மாறப்போவதாக அறிவித்தார். மாறுவதற்கு ஒரு மாதம், மிஞ்சிப்போனால் ஆறு வாரம் என்பது அவர் கணக்கு.

ஆறு வாரத்தில் முடிகிற காரியமா அது? குவேக்கில் ஒரு லெவலை, அதாவது விளையாட்டின் ஒரு கட்டத்தை, உருவாக்குபவர் வெட்டவெளியில் தொடங்குகிறார். தரை, சுவர், கூரை என்று ஒவ்வொரு கட்டையாக வைத்து அறையைக் கட்டி எழுப்ப வேண்டும். அன்ரியலில் இது தலைகீழ். அங்கே உலகம் முழுவதும் ஒரே திடப்பொருள். அதைக் குடைந்து குடைந்துதான் அறை எடுக்க வேண்டும். ஒன்றில் கட்டியதை அப்படியே இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஓராண்டு உழைத்துப் பழகிய கை மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். டிரெய்லரில் ஜனங்கள் பார்த்து மயங்கிய இடங்களெல்லாம் குப்பைக்குப் போயின.

சரி, ஒரு தடவை என்றால் பரவாயில்லை. அப்புறமும் சும்மா இருக்க முடியவில்லை. வேறு யாராவது ஒரு விளையாட்டில் புதிதாக ஏதாவது செய்துவிட்டால், அது டியூக்கிலும் வேண்டும். நிழல்கள் நகர்கிற விளையாட்டு வந்ததா, நமக்கும் நகர வேண்டும். பொருட்கள் நிஜம்போல உருண்டு விழுகிறதா, நமக்கும் விழ வேண்டும். பனிப்பிரதேசத்தில் நடக்கும் ஒரு விளையாட்டைப் பார்த்துவிட்டு வந்து, நம்முடையதிலும் பனி லெவல் வேண்டும் என்று புரூசார்ட் கேட்டதாக அங்கே வேலை பார்த்தவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அந்த இடத்தில் இருப்பவருக்கு இது நியாயமாகவே படும். பழையதாகத் தெரியும் ஒரு விளையாட்டை எப்படி வெளியிடுவது? புதிதாக்கி முடிப்பதற்குள் அதுவும் பழையதாகிவிடும் என்பதுதான் சிக்கல்.

எப்போது வெளியீடு என்று யார் கேட்டாலும் நிறுவனம் ஒரே பதில் சொன்னது: முடிந்ததும் வரும். அந்தப் பதிலைச் சொல்ல வசதி வேண்டும், அவர்களுக்கு அது இருந்தது. 'டியூக் நியூகெம் 3டி' கொடுத்த பணம் இருந்தது. 'மேக்ஸ் பெய்ன்' என்ற இன்னொரு விளையாட்டிலும் அவர்களுக்குப் பங்கு. அது 2001-ல் வந்து நன்றாக ஓடியது. தங்கள் பணத்திலேயே காலம் தள்ளியதால், இந்தத் தேதிக்குள் கொடு என்று மேசையைத் தட்டிக் கேட்க ஆளில்லை. வெளியீட்டு நிறுவனமான டேக்-டூ முயன்று பார்க்காமல் இல்லை. 2006 முடிவதற்குள் கொடுத்தால் 5 லட்சம் டாலர் ஊக்கத்தொகை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியது. அந்தப் பணத்துக்காக அவசரப்பட மாட்டோம் என்று புரூசார்ட் கேலியாகத் தள்ளிவிட்டார்.

பணத்தட்டுப்பாட்டால்தான் விளையாட்டுகள் தாமதமாகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். சில அப்படித்தான். முடிவே இல்லாமல் இழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் நேர்மாறானது என்பது என் எண்ணம். போதும் என்று சொல்லும் அதிகாரம் உள்ளவருக்கு அதைச் சொல்ல எந்த நெருக்கடியும் இல்லாதபோதுதான் வேலை இழுத்துக்கொண்டே போகிறது.

உடனே ஒருவர் கேட்கலாம்: அப்படியானால் தாமதமே தப்பா? இல்லை. வாஷிங்டன் மாநிலத்தில் வால்வ் என்ற புது நிறுவனம். மைக்ரோசாஃப்ட்டிலிருந்து விலகிய கேப் நியூவெல்லும் மைக் ஹாரிங்டனும் தொடங்கியது. அவர்களும் சொந்தப் பணம் போட்டவர்கள், அவர்கள் வாங்கியதும் அதே குவேக் என்ஜின்தான். அவர்களுடைய 'ஹாஃப்-லைஃப்' 1997 இறுதியில் வர வேண்டும். முடியும் தறுவாயில் விளையாடிப் பார்த்தார்கள், சுவாரஸ்யமே இல்லை. ஏறக்குறைய முழுவதையும் தூக்கிப்போட்டார்கள்.

ஆனால் அதன்பின் செய்ததைக் கவனியுங்கள். அதுவரை யோசித்ததில் நன்றாக இருந்தவற்றையெல்லாம் ஒரே ஒரு லெவலில் திணித்தார்கள். அது விளையாட நன்றாக இருந்தது. இதைப் போலத்தான் மற்றதெல்லாம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அதையே அளவுகோலாக வைத்து மீதியைக் கட்டினார்கள். அன்ரியல் வந்தபோதும் என்ஜினை மாற்றவில்லை. கையில் இருந்ததையே திருத்திக்கொண்டார்கள். 1998 நவம்பரில் விளையாட்டு வெளிவந்தது. இன்றும் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள். அவர்களும் ஓராண்டு தாமதம் செய்தவர்கள்தான், ஆனால் எதை நோக்கிப் போகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

டியூக் பக்கம் திரும்பினால், 2003 வாக்கில் அங்கே முழுநேரமாக வேலை செய்தவர்கள் 18 பேர்தான். மற்ற நிறுவனங்கள் அதற்குள் பெரிய பெரிய அணிகளைச் சேர்த்துவிட்டன. 90-களின் பழக்கத்திலேயே இவர்கள் இருந்தார்கள். ஆண்டுக்கணக்கில் உழைத்தும் தன் பெயர் போட்டு ஒரு விளையாட்டு வெளிவராது என்றால் இளைஞர்கள் எத்தனை நாள் இருப்பார்கள்? 2006-ல் பலர் கிளம்பிவிட்டார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் வருத்தம் தரும் இடம் இதுதான். ரசிகர்கள் கிண்டலடித்தார்கள், பத்திரிகைகள் வராத பொருட்களின் பட்டியலில் பல முறை முதலிடம் கொடுத்துச் சிரித்தன. உள்ளே உட்கார்ந்து, போன வருடம் செய்த கதவை இந்த வருடம் மறுபடி செய்துகொண்டிருந்தவரைப் பற்றி யாரும் பேசவில்லை.

2009 மே மாதம் பணம் தீர்ந்தது. அணி முழுவதையும் வீட்டுக்கு அனுப்பினார்கள், டேக்-டூ வழக்குப் போட்டது. கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் வேலை இழந்தவர்களில் சிலர் டிரிப்டிக் கேம்ஸ் என்று ஒரு சிறு குழுவாகச் சேர்ந்து, வீட்டிலிருந்தே வேலையைத் தொடர்ந்தார்கள். பிறகு கியர்பாக்ஸ் நிறுவனம் எடுத்துக்கொண்டது. அதன் தலைவர் ராண்டி பிட்ச்ஃபோர்ட் ஒரு காலத்தில் 3டி ரெல்ம்ஸில் வேலை பார்த்தவர். இருப்பதை வைத்து முடிப்போம் என்று முடித்தார்கள். 2011 ஜூனில் டியூக் கடைக்கு வந்தான். விமர்சகர்கள் துவைத்து எடுத்துவிட்டார்கள். பாதி விளையாட்டு 1998-ஐப் போலவும் மீதி பாதி 2007-ஐப் போலவும் இருக்கிறது என்ற எண்ணம் விளையாடிய பலருக்கும் வந்தது. மிக நீண்ட காலம் தயாரிப்பில் இருந்த விளையாட்டு என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் மட்டும் கிடைத்தது.

இடையில், 2001-ல் லாஸ் ஏஞ்சலிஸ் கண்காட்சியில் ஒரு டிரெய்லர் காட்டியிருந்தார்கள். அதை அப்படியே வெளியிட்டிருந்தால் வரலாறே மாறியிருக்கும் என்று ரசிகர்கள் இருபது ஆண்டுகள் வாதாடினார்கள். 2022-ல் அந்த 2001-ஆம் ஆண்டு வடிவமே இணையத்தில் கசிந்தது. ஆவலாகத் திறந்து பார்த்தவர்களிடம் புரூசார்டே சொன்னார்: பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், அதில் விளையாட முழு விளையாட்டு எதுவும் இல்லை, ஆளரவமற்ற சோதனை லெவல்கள் சில இருக்கின்றன, அவ்வளவுதான்.

டியூக்கின் அந்தக் காலக்கணக்கையும் இன்னொரு விளையாட்டு மிஞ்சிவிட்டது. பிரான்ஸின் யூபிசாஃப்ட் 2008-ல் அறிவித்த 'பியாண்ட் குட் அண்ட் ஈவில் 2' அதை 2022-லேயே தாண்டிவிட்டது. அதைத் தொடங்கிய மிஷேல் ஆன்செல் 2020-ல் வேலையை விட்டே போய்விட்டார். விளையாட்டு தயாரிப்பில்தான் இருக்கிறது என்கிறது நிறுவனம். தேதி கேட்டால், இவர்களிடமும் இல்லை.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.