கூரையைத் திறந்தால் பாட்டு எங்கே போகிறது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம். ‘பழைய திறந்த காருக்குப் புதிய ஒலியமைப்பு: மெருகா, மாசா?’ என்பது தலைப்பு. மெருகுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசியவர் மூன்று குண்டுகளைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். காரின் பழமை போய்விடும், எஞ்சின் சத்தமே சங்கீதம், பழைய வயரிங் தாங்காது. மூன்றாவதில் மட்டும் விஷயம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் பழமை. 1930-ல் பால் கால்வினின் நிறுவனம் மோட்டோரோலா என்ற பெயரில் விற்ற கார் ரேடியோ, தொழிற்சாலையிலிருந்து காரோடு சேர்ந்து வந்ததா? இல்லை ஐயா, கார் வைத்திருந்தவர்கள் தனியாக வாங்கி மாட்டிக்கொண்டது. 1952-ல் பிளாபுங்க்ட் காருக்கு எஃப்எம் ரேடியோ கொண்டுவந்தது. 1956 மாடல்களில் கிரைஸ்லர் ஓடுகிற காருக்குள் இசைத்தட்டையே சுழலவிட்டது, மேடு பள்ளத்தில் ஊசி என்ன பாடு பட்டிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 1966 மாடல்களில் ஃபோர்டு 8-டிராக் டேப், அதாவது பெட்டிக்குள் சுற்றும் ஒலிநாடா, கொடுத்தது. ஆக, எதிரணி இன்று கும்பிடுகிற அந்தக் காலத்துக் கார்க்காரர், கையில் காசு இருந்தால் அன்றைக்குப் புதிதாக வந்த ஒலியைத் தேடிப் போனவர்தான். அவர் வழியில்தான் நாங்களும் போகிறோம்.

அந்தப் பழைய ரேடியோக்களில் நிறைய மீடியம் வேவ் மட்டும்தான் வரும். அதிலும் ஜெர்மனி போன்ற நாட்டில் பொது வானொலிகள் 2015 முடிவதற்குள் மீடியம் வேவையே மூட்டை கட்டிவிட்டன. அங்கே போய் அந்தக் குமிழைத் திருகினால் வெறும் இரைச்சல்தான் கேட்கும்.

சரி, எஞ்சின் சத்தம். எனக்கும் பிடிக்கும், மலைப்பாதையில் கியரை இறக்கும்போது எந்தப் பாட்டும் வேண்டாம், அணைத்துவிடலாம். ஆனால் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது காதில் விழுவது எஞ்சின் என்றா நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் காற்றும் டயரும்தான். இங்கேதான் திறந்த காரின் தனிச் சிக்கல் இருக்கிறது, நடுவர் அவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்கவேண்டும். மூடிய கார் சின்ன அறை மாதிரி, அதற்குள் தாழ்ந்த அதிர்வெண்கள் தாமாகவே பலம் கூடி ஒலிக்கும், அதாவது பேஸ் கொஞ்சம் இனாமாகக் கிடைக்கும். கூரையை இறக்கியதும் அந்த இனாம் பறந்துவிடுகிறது. போதாக்குறைக்குக் காற்றின் உறுமலும் அதே தாழ்ந்த பக்கத்தில்தான் அதிகம், தாழ்ந்த இரைச்சலுக்குத் தன்னைவிட மேலே இருக்கும் ஓசைகளையும் மறைக்கிற குணம் வேறு உண்டு. பேஸ் போகிறது, பாடுபவர் குரலும் தேய்கிறது. டேஷ்போர்டு நடுவில் முன்கண்ணாடியைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒற்றைக் காகிதக் கூம்பு ஸ்பீக்கர், வெயிலில் ஓரம் பொடிந்து, சில வாட்டில் கரகரக்கிறதே, அது இந்தச் சண்டையில் எப்படி ஜெயிக்கும்?

எனக்கு முன்னால் பேசியவர் ‘அப்போ ஆயிரம் வாட் ஆம்பு, அதாவது ஒலிபெருக்கும் ஆம்ப்ளிஃபையர், போடுவீர்களோ’ என்று நக்கலடித்தார். வேண்டாம். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஒலி அளவு ஏறக்குறைய 10 டெசிபல் கூடவேண்டும், அதற்குப் பத்து மடங்கு மின்திறன் தேவை. ஆனால் அதே மின்திறனில் 3 டெசிபல் அதிகமாக ஒலிக்கும் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தாலே ஆம்பைவிட்டு இரண்டு மடங்கு வேலை வாங்கியதற்குச் சமம். அதனால் முதலில் ஸ்பீக்கர். கூம்பு பாலிபுரோப்பிலீனாக, விளிம்பு ரப்பராக இருக்கட்டும், படகுகளுக்கென்று செய்வதே கிடைக்கிறது, நாலு சொட்டு மழைக்கு ஊறாது. அப்புறம் அதைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற திறந்த காரில் சீட்டின் தலைச்சாய்விலேயே ஸ்பீக்கர் வைத்தார்களே, காரணம் இதுதான். பக்கத்தில் இருந்தால் ஊரே கேட்க அலறவிட வேண்டியதில்லை.

இப்போது வயரிங். இதில் எதிரணி பயந்தது நியாயம். 1967 வரை வந்த பழைய எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் திறந்த காரில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும், இன்றைய செட்டுகள் நெகட்டிவ் எர்த்தை, அதாவது நெகட்டிவ் பாடியோடு சேர்ந்திருப்பதை, நம்பிச் செய்தவை. பார்க்காமல் மாட்டினால் பாட்டு வராது, புகை வரும். சில கார்களில் மின்சாரமே 6 வோல்ட். அந்தக் காலத்து லூகாஸ் சி40 டைனமோ முழு மூச்சாகச் சுற்றினாலும் 22 ஆம்பியர்தான் தரும், அதிலும் ஹெட்லைட், இக்னிஷன், வைப்பர் எல்லாம் பங்குக்கு வரும், சிக்னலில் நின்றால் இன்னும் குறையும். ஆனால் இது மாற்றாதே என்பதற்குக் காரணமா, கணக்குப் போட்டு மாற்று என்பதற்குக் காரணமா? கிளாஸ் டி என்ற வகை ஆம்பு சின்னது, வீணாக்கும் சூடு குறைவு, பாட்டு சராசரியாக இழுக்கும் மின்சாரம் அதன் உச்சத்தில் ஒரு சிறு பங்குதான். பேட்டரிக்குப் பக்கத்திலேயே தனி ஃப்யூஸ் போட்டுப் புது வயரை இழுத்தால், மெலிந்து காய்ந்த பழைய வயரை யார் தொடப்போகிறார்கள்?

ஒன்றில் மட்டும் நான் எதிரணியோடு கைகோத்துக்கொள்கிறேன். டேஷ்போர்டை அறுப்பவனை மன்னிக்கக்கூடாது. இரண்டு குமிழ், நடுவில் சின்னக் கண்ணாடி, அதற்குப் பின்னால் ஊர்கிற முள், அந்த இடத்தில் 180-க்கு 50 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு நீல விளக்கு மின்னும் செட்டைச் செருகியிருப்பதைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அதற்கு அவசியமே இல்லையே! பழைய ரேடியோவின் முகத்தை அப்படியே விட்டு உள்ளே மட்டும் புது மின்னணுவும் புளூடூத்தும் வைக்கலாம். அல்லது பழையதைத் தொடவே தொடாமல், ஆம்பை டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ ஒளித்துவைத்து கைபேசியிலிருந்து ஓட்டலாம். காலருகே பக்கப் பலகையில் ஸ்பீக்கர் வைத்தால் கதவில் ஓட்டையும் வேண்டாம். கதவில்தான் வைப்பேன் என்று அடம்பிடித்தால், கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டு ஆழம் அளந்துவிட்டு ஸ்பீக்கர் வாங்குங்கள், மாட்டியபின் கண்ணாடி காந்தத்தில் இடித்து நிற்கும்போது அளந்து என்ன பிரயோசனம்?

திருட்டுப் பயத்தையும் போகிற போக்கில் கிளப்பினார். கூரையில்லாத காரில் பளபளக்கும் செட் இருந்தால் கை வைக்கத்தான் செய்வார்கள். நான் சொல்கிற காரில் எட்டிப் பார்ப்பவன் கண்ணுக்குப் படுவது பழைய இரண்டு குமிழ்கள்தான்.

நாளைக்கு வேறொருவர் இந்தக் காரை வாங்கி, எல்லாம் பழையபடி வேண்டும் என்றால் சில திருகுகளைக் கழற்றினால் போதும். அப்படித் திரும்பிப் போக முடிகிற மாற்றத்தை மாசு என்று எதிரணி எப்படிச் சொல்கிறது என்பதை, அடுத்து வரப்போகிற நண்பர் விளக்கட்டும், நடுவர் அவர்களே. நன்றி.